கறைபட்ட கையின் கையொப்பம்

மதரஸாவின் மேல்வகுப்பில் 'ஹிதாயா' பாடம் நடக்கும்போது, நீதிபதிக்குரிய ஒழுங்குகளைப் பேசும் பகுதி வந்ததும் மாணவர்களிடையே ஆண்டுதோறும் ஒரு சலசலப்பு எழும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்நூலாசிரியர் இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள், நேர்மையான அரசரிடமிருந்து நீதிபதிப் பதவியைப் பெறுவது கூடுவது போலவே கொடுமைக்கார அரசரிடமிருந்து பெறுவதும் கூடும் என்று எழுதிச் செல்கிறார்கள். நீதியின்படி தீர்ப்பளிக்க அவ்வரசர் இடந்தர வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

சென்ற ஆண்டு அரியலூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன் எழுந்து வினவினான்: "ஹஜ்ரத், கொடுக்கிற கையே அழுக்காக இருக்கும்போது கொடுக்கப்பட்டது மட்டும் எப்படிச் சுத்தமாகும்?"

வினா எளியது; விடை எளியதன்று. அன்று பாடம் அதற்குமேல் நகரவில்லை. அங்கே நான் சொன்னவற்றையும், சொல்லத் தயங்கிப் பின்னர்ச் சொன்ன ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

இவ்வினா கிதாபுகளுக்குள் மட்டும் அடங்கிக் கிடப்பதன்று. நமக்கு அண்டை மாநிலத்திலேயே ஒரு சட்டமன்றத்தின் முன் இது வந்து நின்றது. 1983ஆம் ஆண்டு ஜனவரியில் ஆந்திர மக்கள் என். டி. ராமராவின் தெலுங்கு தேசம் கட்சிக்கு, 294 இடங்கள் கொண்ட பேரவையில் ஏறத்தாழ 200 இடங்களைத் தந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் ராம்லால் என்பவர் ஆந்திரத்தின் ஆளுநராக வந்து சேர்ந்தார். அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு நான்கே மாதங்களுக்கு முன்புவரை அவர் இமாசலப் பிரதேசத்தின் முதலமைச்சர். காட்டு மரங்களைக் கடத்திய விவகாரத்தில் அவருடைய குடும்பத்தாரின் பெயர் அடிபட்டு, குற்றச்சாட்டு வலுத்த நிலையில்தான் அப்பதவியை விட்டு இறங்கினார். முதலமைச்சர் நாற்காலிக்குத் தகாதவர் என்று இறக்கப்பட்டவர் ராஜ்பவனுக்குத் தகுந்தவரானது எவ்வாறு என்று அன்று கேட்டவர்கள் உண்டு. விடை சொன்னவர்தாம் இல்லை.

ஓராண்டு கழிந்தது. ராமராவ் அமெரிக்காவில் இருதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பியிருந்த நேரம். 1984 ஆகஸ்ட் 16ஆம் நாள் ராம்லால் அவரைப் பதவிநீக்கம் செய்து, அவருடைய அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த நாதெண்டல பாஸ்கர ராவை முதலமைச்சராக நியமித்தார். பேரவையில் பெரும்பான்மையை மெய்ப்பிக்க முப்பது நாள் தவணையும் தந்தார். பதவி இழந்தவர், உடல் தேறாத நிலையிலேயே, தம் பக்கமிருந்த உறுப்பினர்களை அழைத்துக்கொண்டு டெல்லி சென்று குடியரசுத் தலைவர் ஜைல் சிங்கின் முன் நிறுத்தினார். அவ்வுறுப்பினர்கள் விலைபோய்விடாதிருக்கக் கர்நாடகத்தில் கொண்டுபோய்த் தங்கவைக்கப்பட்டனர். மக்களின் பிரதிநிதிகளைக் காவலில் வைத்துக் காக்க வேண்டிய அந்நிலை நம் ஜனநாயகத்துக்குப் பெருமை சேர்ப்பதன்று; எனினும் அதுதான் நடந்தது. அம்மாத இறுதிக்குள் ராம்லால் போக, சங்கர் தயாள் சர்மா ஆளுநரானார். பாஸ்கர ராவால் பெரும்பான்மையைக் காட்ட இயலவில்லை. செப்டம்பர் 16இல் ராமராவ் மீண்டும் முதலமைச்சரானார்.

இதை நான் சொல்லி முடித்ததும் மாணவர்கள், "அப்படியானால் கறைபட்டவர் நியமித்தவரைச் சபை ஏற்கவில்லை, அதுதானே சரி?" என்றனர். சபை ஏற்காதது சரிதான். அவர்கள் சொன்ன காரணம்தான் சரியன்று.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த ராம்லாலே ஒரு வாரம் கழித்துத் தம் தவற்றை உணர்ந்து, ராமராவை அழைத்து, மீண்டும் பதவிப் பிரமாணம் செய்துவைத்திருப்பாரானால், "மரக்கடத்தல் புகாரில் சிக்கிய கை இது, இக்கையால் எனக்குப் பதவி வேண்டாம்" என்று ராமராவ் மறுத்திருப்பாரா? மறுத்தால் அறிவுடையோர் அதை ஒப்புவரா? மாறாக, ராம்லால் மாசு மருவற்ற ஒரு மகானாகவே இருந்திருந்தாலும் பாஸ்கர ராவை அவர் நியமித்தது செல்லத்தக்கதாகி இருக்குமா? ஆகாது. ஏனெனில் முதலமைச்சரைத் தாங்கி நிற்பது பேரவையின் நம்பிக்கை. அது ஆளுநரின் உடைமையன்று. தமக்கு உடைமையில்லாத ஒன்றை அவர் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தார். பிறர் பொருளைத் தூய கையால் எடுத்துக் கொடுத்தாலும் அது கொடையாகாதன்றோ? பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பது ஆளுநர் மாளிகையில் தீர்க்கப்படுவதன்று, பேரவையில் தீர்க்கப்பட வேண்டியது என்று பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 1994இல். ஹைதராபாத் மக்கள் அதைப் பத்தாண்டுகளுக்கு முன்பே தெருவில் நின்று சொல்லியிருந்தார்கள்.

இந்த அளவுகோல் இருபுறமும் வெட்டும். 1995இல் தெலுங்கு தேசத்தின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ராமராவின் மருமகன் சந்திரபாபு நாயுடுவின் பக்கம் போயினர். அப்போதைய ஆளுநர் கிருஷ்ண காந்த் நாயுடுவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். ராமராவ் அதைத் துரோகம் என்றார். குடும்பத்துக்குள் அது துரோகமாகவே இருக்கட்டும். ஆனால் சபையின் நம்பிக்கை எவரிடம் இருந்ததோ அவரிடம் பதவி போயிற்று. 1984இல் எந்த நியாயம் அவரைக் காத்ததோ, அதுவே 1995இல் அவரைக் கைவிட்டது.

கடல்கடந்து இன்னொரு நிகழ்ச்சி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஆளுநர் பிளகோயெவிச், பராக் ஒபாமா அதிபராகத் தேர்வானதால் காலியான செனட் இடத்தை விலைபேச முயன்றார் என்று 2008 டிசம்பரில் கைது செய்யப்பட்டார். பதவி இன்னும் பறிபோகாத நிலையில், அதே மாதம் 30ஆம் நாள், ரோலண்ட் பர்ரிஸ் என்னும் மூத்த அரசியல்வாதியை அவ்விடத்துக்கு நியமித்துவிட்டார். இங்கே ஆளுநருக்கு அதிகாரம் இருந்தது. கைதுதான் இருந்ததே தவிரத் தீர்ப்பு இன்னும் வரவில்லை. செனட் தலைவர்கள், இந்த ஆளுநர் அனுப்பும் எவரையும் ஏற்கமாட்டோம் என்று முதலில் சூளுரைத்தனர். 2009 ஜனவரி 6இல் பர்ரிஸ் வாசலுக்கு வந்தபோது, அவருடைய சான்றிதழில் மாநிலச் செயலாளரின் கையொப்பம் இல்லை என்று கூறித் திருப்பி அனுப்பினர். அக்கையொப்பம் இல்லாவிடினும் நியமனம் செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 15ஆம் நாள் அவர் உறுப்பினரானார். அம்மாதம் முடியுமுன்னரே ஆளுநர் பதவி நீக்கப்பட்டார். பின்னர்ச் சிறைத்தண்டனையும் பெற்றார். அதிபர் டிரம்ப் 2020இல் தண்டனையைக் குறைத்து விடுவித்ததும், 2025இல் மன்னிப்பே அளித்ததும் தனிக் கதை.

செனட் அவரை ஏற்றது சரி என்றே நான் கருதுகிறேன். கொடுத்தவரின் குற்றத்துக்காக வாங்கியவரைத் தண்டிப்பதும், அவ்விருவரின் பொருட்டு ஒரு மாநிலத்து மக்களைப் பிரதிநிதி இல்லாமல் விடுவதும் நீதியாகா. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆளுநருக்காக நிதி திரட்டித் தருமாறு தம்மிடம் கேட்கப்பட்டது உண்டு என்று சில வாரங்கள் கழித்துப் பர்ரிஸ் வெளியிட்டார். முன்பு அவர் கூறியவற்றோடு இது பொருந்தவில்லை. சட்டப்படி நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம் காணப்படவில்லை எனினும், அவருடைய கூற்றுகள் தவறான எண்ணம் தருவன என்று செனட்டின் நெறிக்குழு அவ்வாண்டு நவம்பரில் அவரைக் கண்டித்தது.

நம் ஹனஃபீ சட்ட அறிஞர்கள் கோடு கிழித்த இடம் இதுவே. கொடியவன் நியமித்த நீதிபதி நீதிபதியே. ஆனால் கையூட்டுக் கொடுத்துப் பதவி பெற்றவன் நீதிபதியாகவே ஆகான் என்றனர். கொடுப்பவனின் பொதுவான கெடுதி பதவியைத் தொடுவதில்லை. அந்தப் பதவிக்கென்றே பேசப்பட்ட விலை அதன் வேரை அறுத்துவிடுகிறது. ஆகவே சபை கேட்க வேண்டியது, உன்னை அனுப்பியவர் எப்படிப்பட்டவர் என்பதன்று. உனக்கும் அவருக்கும் இடையே என்ன பேச்சு நடந்தது என்பது.

நபி யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் இதற்கோர் ஒளி உண்டு. தம் மார்க்கத்தைச் சாராத மன்னரிடம் நாட்டின் களஞ்சியப் பொறுப்பை அவர்கள் கேட்டுப் பெற்றார்கள் என்பதை எல்லோரும் எடுத்துச் சொல்வர். அதற்கு முன் நடந்ததைப் பலர் விட்டுவிடுகின்றனர். மன்னர் ஆளனுப்பியபோது அவர்கள் உடனே சிறையைவிட்டு வெளியே வரவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழியை முதலில் விசாரிக்குமாறு தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். விடுதலையை மன்னரின் தயவாக அவர்கள் ஏற்கவில்லை. நிரபராதி என்ற தீர்ப்பாகவே பெற்றார்கள். தயவாக வாங்கியிருப்பின் களஞ்சியத்தின் சாவியோடு ஒரு கடனும் கைக்கு வந்திருக்கும்.

அந்தக் கடனுக்கு அஞ்சித்தான் போலும், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கலீஃபா மன்சூர் தந்த நீதிபதிப் பதவியை மறுத்துச் சிறை புகுந்தார்கள். அவர்களுடைய மாணவர் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ ஹாரூன் ரஷீதிடம் தலைமை நீதிபதியானார்கள். அந்தக் கலீஃபாவுக்கே வரிவசூலில் குடிகளை வருத்தலாகாது என்று நூல் எழுதி அனுப்பினார்கள். ஆசிரியர் மறுத்ததும் மாணவர் ஏற்றதும் நமக்கு முன்மாதிரிகளே. இருவருமே கடன்படவில்லை.

ராம்லாலின் கறை முக்கியமாவதும் இந்த வழியில்தான். ஒரு பதவியிலிருந்து பழியோடு இறங்கியவருக்கு நான்கு மாதத்தில் அதனினும் உயர்ந்த மாளிகை கிடைக்கிறது. கொடுத்தவர்களுக்கு அவர் என்றென்றும் கடனாளி. ஆந்திர விவகாரத்தில் தமக்கு முன்னறிவு இல்லை என்று டெல்லி கூறியது, எதிர்க்கட்சிகள் நம்பவில்லை. உண்மை எதுவாயினும் ஆகுக. கடனாளி ஒருவனுக்கு ஆணை வர வேண்டியதில்லை, குறிப்பே போதும். சில நேரம் குறிப்பும் வேண்டியதில்லை. அரியலூர் மாணவனுக்கு அவன் ஊரையே எடுத்துக்காட்டினேன். 1956 நவம்பர் 23இல் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தை அவர் கட்டவில்லை; ரயிலை அவர் ஓட்டவில்லை. அதே ஆண்டு மஹபூப்நகர் விபத்தின்போதே விலக முன்வந்தவர். நேரு அப்போது ஏற்கவில்லை. அப்படிப் போனவர் பின்னாளில் பிரதமராகத் திரும்பி வந்தபோது, அவர் எவருக்கும் கடன்பட்டு வந்ததாக யாரும் சொல்லவில்லை.

இவ்வளவும் கேட்ட பின்னர் அம்மாணவன் அமர்ந்தபடியே மெல்லக் கேட்டான்: "ஹஜ்ரத், உங்களை முதன்முதலில் நியமித்தது யார்?"

அவன் எதையும் அறிந்து கேட்கவில்லை. எனக்குத்தான் நா வறண்டது.

முப்பதாண்டுகளுக்கு முன், பெரம்பலூர் வட்டாரத்தில் வெள்ளாற்றை ஒட்டிய ஓர் ஊர்ப் பள்ளிவாசலில் இமாமாகப் பணியேற்றேன். எனக்கு ஆணை தந்த முத்தவல்லியின்மீது அப்போதே ஊரில் ஒரு பேச்சு இருந்தது. மையவாடியின் புளியமரங்கள் வெட்டப்பட்டிருந்தன. விற்ற பணம் கணக்கில் ஏறவில்லை என்றனர். (மரத்துக்கும் பதவிக்கும் என்ன பகையோ, அறியேன்.) அவர் கொண்டுவந்த இமாம் நமக்கு வேண்டுமா என்று ஜமாஅத் கூடிப் பேசிற்று. நான் ஒதுங்கிப் பள்ளியின் ஹவுளருகே நின்றுகொண்டிருந்தேன். முதியவர் ஒருவர் எழுந்து, "அவர் கை எப்படியோ, இந்தத் தம்பி ஓதுறது சுத்தமா இருக்கு. வச்சுக்குவோம்" என்றார். ஹஜ்ஜாஜின் பின்னால் இப்னு உமர் (ரலி) அவர்கள் தொழுதார்களே என்று என் மனமும் எனக்கு வழக்காடிற்று. ஊர் என்னை ஏற்றது.

முத்தவல்லி என்னிடம் ஒரு காசு கேட்டதில்லை. பெருநாளைக்குத் துணி எடுத்துத் தருவார். என் தாயார் நோயுற்றபோது திருச்சி மருத்துவமனைக்குத் தம் காரை அனுப்பினார். இரண்டாம் ஆண்டு ஷஃபானில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன், ஒரு துண்டுத்தாளை என் கையில் வைத்து, "தொழுகை முடிஞ்சதும் இதைப் படிச்சிடுங்க ஹஜ்ரத்" என்றார். பள்ளிவாசலின் ஆண்டுக் கணக்கு பார்வையிடப்பட்டுச் சரியாக உள்ளது என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் கணக்கை நான் பார்த்ததில்லை. படித்தேன்.

கூட்டம் கலைந்தது. எனக்காகப் பேசிய அந்த முதியவர் படியில் செருப்பை மாட்டியபடி நின்றார். அதுவரை என்னைத் 'தம்பி' என்றே அழைத்து வந்தவர், அன்று, "கணக்கை நீங்க பார்த்தீங்களா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. அவரும் நின்று வற்புறுத்தவில்லை.

அன்று அஸர் தொழுகைக்கு அவர் வந்தார். என் பின்னால் முதல் வரிசையில்தான் நின்றார். அவர் தொழுகை கூடிவிட்டது. அதில் சட்டச் சிக்கல் ஏதுமில்லை.