எளிதும் எளிமையும்

கருவிகளை ஆக்கிய மனிதன், அவை பழமை எய்தும்போது எங்ஙனம் பேணுவது என்னும் வினாவையும் உடன் ஆக்கிக்கொண்டான். பழைய சிலை காட்சியகத்தில் நின்றாலும் சிலையே. பழைய மோட்டார் சைக்கிளோ ஓடினால்தான் மோட்டார் சைக்கிள். ஓட வேண்டுமாயின் பழுது பார்க்க வேண்டும். பழுது பார்ப்பவர் சிலவற்றை மாற்றியும் ஆக வேண்டும். எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது? பட்டறையில் எழும் இவ்வினா அறத்தின்பாற்பட்டதும் ஆகும்.

சிங்கப்பூரில் இவ்வினாவிற்குத் தனி அழுத்தம் உண்டு. 1990 முதல் இங்கு வாகன உரிமை பத்தாண்டுக் கணக்கில் வழங்கப்படுகின்றது. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பின் சாலையில் ஓட இயலாது. பழம்பெரும் வாகனங்களுக்கான தனித் திட்டங்களில் அடங்கியவையே விலக்குப் பெறும். தேக்காவிற்கு அண்மையில் பழம்பொருள் விற்ற சுங்கை சாலைச் சந்தையும் 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டது. எனவே பழைய வண்டி ஒன்றைக் காப்பவர், அருகிவரும் ஒரு பொருளைக் கையில் வைத்திருக்கின்றார்.

அவ்வண்டியின் உள்ளே நிகழ்வதைச் சற்றே காண்போம். தமிழர் நன்கறிந்த சான்று புல்லட். இங்கிலாந்தில் பிறந்த அவ்வண்டி, 1955இல் தோன்றிய என்ஃபீல்ட் இந்தியா நிறுவனத்தால் சென்னைத் திருவொற்றியூரில் உருவாக்கப்பட்டது. அதன் பழைய அமைப்பில், பாயிண்ட் எனப்படும் இரு உலோக முனைகள் தொட்டுப் பிரியும். பிரியும் கணத்தில் காயிலில் உயர் மின்னழுத்தம் எழுந்து, பிளக்கில் பொறி பறக்கும். முனைகளுக்கிடையே உள்ள வெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. முனை தேய்ந்து வெளி மாறினால் வண்டி முரண்டு பிடிக்கும். அளவுத் தகடும் சிறு அரமும் உடையவர் சாலையோரத்திலேயே அதனைச் சீர்செய்துவிடலாம்.

மின்னணு முறையில் தொட்டுப் பிரியும் முனைகள் இல்லை. சுழலும் காந்தத்தை உணர்கருவி அறிய, டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தை அறுக்கின்றது. தேய்மானம் இல்லை, பொறி சீராக விழுகின்றது. ஆயின், அப்பெட்டி பழுதானால் அரமும் அளவுத் தகடும் உதவா. புதுப் பெட்டி வாங்குவதே வழி.

வயரிங்கின் கதையும் எண்ணத்தக்கது. கைமாறிக் கைமாறி வந்த வண்டியில் ஒருவர் விளக்கொன்று சேர்த்திருப்பார். மற்றொருவர் அதனை நீக்கிக் கம்பியை மட்டும் விட்டிருப்பார். விருப்பிற்கேற்ப உருமாற்றிய வண்டியாயின், நீக்கிய கருவிகளின் கம்பிகள் இன்னும் மிகுதி. அக்குவியலை அகற்றி, மின்கலம், உருகி, சாவி, காயில், விளக்குகள், ஒலிப்பான், மின்னேற்றும் பகுதி என வேண்டியவற்றிற்கு மட்டும் புதுக்கம்பி இடுவதே எளிமையாக்கல்.

இதனை மறுப்போர், பழைய உறுப்பை நீக்கினால் வண்டியின் உயிரே நீங்கும் என்பர். அவர்கள் சிராங்கூன் சாலைக் கடைவீடுகளை நோக்குதல் நன்று. லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. இயன்றவரை தக்கவைத்தல், பண்பறிந்து மீட்டமைத்தல், கவனமாகப் பழுதுபார்த்தல் என்பன அங்கே கொள்ளப்படும் நெறிகள். முகப்பும் சாளரமும் காக்கப்படுகின்றன; சுவருக்குள் மக்கிய மின்கம்பியைக் காக்க வேண்டும் என்று எவரும் வாதிடுவதில்லை. அது வீட்டையே எரித்துவிடும். இரவில் அணைந்துபோகும் முகவிளக்கும் அத்தகையதே. அதனால் வரும் கேடு ஓட்டுநரோடு நிற்பதில்லை. சாலையைக் கடக்கும் முதியவரையும் சாரும். பிறர் உயிரைப் பணயம் வைத்துப் பழமை பேணுதல் அறமன்று.

எனினும், புதியது எதுவாயினும் நன்றே என்பாரும் ஒன்றை மறக்கின்றனர். எளிது வேறு, எளிமை வேறு. உழைப்புக் குறைவது எளிது. உள்ளது விளங்குவது எளிமை. மின்னணுப் பெட்டி வாழ்க்கையை எளிதாக்குகின்றது; ஆனால் சிக்கலை ஒழிக்கவில்லை, மூடி முத்திரையிட்டு வைக்கின்றது. கம்பிகளின் எண்ணிக்கையைக் குறைக்க உருகியையும் நீக்குபவர் எளிமையின் பெயரால் ஆபத்தையே விதைக்கின்றார். தமக்கு மட்டும் விளங்குமாறு கம்பியிட்டவரோ, தம் சிக்கலை அடுத்தவர் தலையில் சுமத்துகின்றார்.

தமிழ் கற்பிப்போர்க்கு இது புதிதன்று. மர்ரே எஸ். ராஜம் 1950களில் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்துப் பதிப்பித்தார். சொற்கள் தனித்தனியே நின்றதால் பொதுமக்களும் அவற்றை அணுக முடிந்தது. பிரித்த இடத்தில் சீரும் தளையும் மறைதல் உண்டு. ஆயினும் புணர்ச்சி விதி அறிந்தவர் சொற்களைச் சேர்த்து மூலத்தின் ஓசையை மீட்டுவிடலாம். திரும்பும் வழியை அடைக்காத எளிமையாக்கல் அது.

பழைய வண்டிக்கும் அளவுகோல் அதுவே. மின்னணு அமைப்பைப் பொருத்துபவர், கழற்றிய பாயிண்ட் தட்டினைத் துடைத்து எண்ணெயிட்டுப் பெட்டியில் வைக்கட்டும். சட்டத்தை அறுக்காமல், இருக்கும் துளையிலேயே பெட்டியைப் பிணைக்கட்டும். எக்கம்பி எங்கே செல்கின்றது என்பதை நிறம் குறித்து வரைந்து வண்டியோடு சேர்க்கட்டும். நன்கு பேணிய பொறி தன் உரிமையாளரைவிட நெடுநாள் வாழும். ஆதலின் அவர் அதற்கு இடைக்காலக் காவலரே. தமக்குப் பின் வருபவர் அவ்வரைபடத்தை விரித்து, வேண்டுமெனின் பழைய முனைகளை மீண்டும் பொருத்திப் பொறி எழுப்ப இயலுமாயின், அவர் செய்த மாற்றம் முறையானதே.