வாடகைக்கு விடும் முன்

வரிசை வீட்டை, அதாவது பக்கச்சுவரை அண்டை வீட்டுடன் பகிர்ந்து நிற்கும் வீட்டை, வாடகைக்கு விடும் முன் எதைச் சீரமைப்பது என்று எண்ணும் உரிமையாளர்களில் பலர் கண்ணுக்கு அழகூட்டுபவற்றிலிருந்தே தொடங்குகின்றனர். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம், கட்டமைப்புப் பழுது, வெள்ளையடித்தல், குழாய்களை மாற்றுதல், மின்கம்பிகளைப் பராமரித்தல் ஆகியவற்றை, வேறு உடன்பாடு இல்லாதவரை, உரிமையாளரின் பொறுப்பிலேயே வைக்கிறது. இவற்றுள்ளும் நீரும் மின்சாரமுமே முதலிடத்துக்கு உரியவை. மொட்டைமாடியின் கசிவை அடைக்காமல் பூசப்படும் வண்ணம் வடகிழக்குப் பருவமழையில் உரியத் தொடங்கும். பொதுச்சுவரில் ஊறும் ஈரமோ, அதன் ஊற்று மறுபக்கத்தில் இருக்குமாயின், அண்டை வீட்டார் இசைந்தாலன்றி நீங்காது. மின்கசிவு நேர்ந்தால் நொடிக்கும் குறைந்த நேரத்தில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி (மனித உயிரைக் காப்பதற்கு 30 மில்லிஆம்பியர் கசிவில் இயங்கும் வகையே உரியது) மாடுலர் சமையலறைக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கே ஆகும். குழந்தைகள் குடிவரக்கூடிய வீட்டில் அதைத் தவிர்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பொய்க்கூரையும் விலையுயர்ந்த தரைக்கல்லும் காத்திருக்கலாம். வருமான வரிச் சட்டமும், செலுத்திய சொத்துவரி போக எஞ்சும் வாடகையில் 30 விழுக்காட்டை, செலவிட்டாலும் செலவிடாவிட்டாலும் ஒரே அளவாகக் கழிக்கிறதே தவிர, பழுதுபார்ப்புக்கெனத் தனிக் கழிவு எதையும் தருவதில்லை.