ஆனைமங்கலத்து நெல்

வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்குக் கரை நெருங்கிவிட்டதை முதலில் சொன்னது மலேசியாவின் கெடாவிலுள்ள ஜெராய் மலைதான். அதன் அடிவாரத்தில், பீடோங்கை ஒட்டிய சுங்கை பத்துவில், இரும்பு உருக்கிய உலைகளையும் பழைய படகுத்துறையின் எச்சங்களையும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மெர்போக்கில் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளம் கூரையில்லாமல் வெயிலில் கிடக்கிறது. சோழர் கல்வெட்டுகள் பேசும் கடாரம் இந்த வட்டாரம்தான் என்பது அறிஞர் பலரின் முடிவு.

கடாரம் என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது படையெடுப்பு. 1025இல் இராசேந்திர சோழன் கடற்படை அனுப்பினான். 'கடாரம் கொண்டான்' என்று பெயரெடுத்தான். அதன் ஆயிரமாவது ஆண்டை 2025இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் பெரிதாகக் கொண்டாடினார்கள். பெருமை இருக்கட்டும். ஆனால் இந்த மண்ணில் பிறந்து, இங்கே ஓட்டுப் போட்டு, தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் மலாய் அண்டை வீட்டாரோடு பலகாரம் மாற்றிக்கொள்கிற நமக்கு, இரு கரைகளின் உறவை ஒரு போரிலிருந்து எண்ணத் தொடங்குவது பொருந்தவில்லை. கணக்கு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மன்னன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எழுப்பத் தொடங்கினான். தந்தை தொடங்கியதை மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்து, தந்தை பெயரால் சூடாமணி விகாரை என்று அழைத்தான். இராசேந்திரனின் தந்தை, சைவனான இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரை அந்த விகாரைக்குக் கொடுத்தான். பெண் யானையை நடத்தி எல்லை குறித்தார்கள். ஊர் தர வேண்டிய நெல் ஏறத்தாழ 8,900 கலம். இந்தக் கொடையைப் பின்னர் செப்பேட்டில் வெட்டுவித்தவன் இராசேந்திரன். 21 ஏடுகள் கொண்ட அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயர் பெற்றது.

தந்தையின் வாக்கைச் செம்பில் பதித்தவனே கடாரத்தின் மீது படையும் அனுப்பினான். வணிகப் போட்டியோ வேறு காரணமோ, அரசர்களின் நட்பு ஒரே தலைமுறையில் முறிந்தது. அதன் பிறகு நடந்ததுதான் யோசிக்க வைக்கிறது. 1090இல் முதற் குலோத்துங்கனிடம் கடாரத்துத் தூதர்கள் வந்து நின்றார்கள். நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகளுக்குரிய ஊர்களின் வரிவிலக்கை உறுதிசெய்து தரும்படி கேட்டார்கள். அவனும் செப்பேடு எழுதித் தந்தான். அந்தப் பள்ளிகளின் பெயர்களைப் பாருங்கள்: இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி. கடாரத்தை வென்றவன் பெயரைத் தாங்கிய பள்ளிக்காகக் கடாரத்துத் தூதர்கள் வாதாடினார்கள்!

அரசன் கொடுத்த சொல்லை அரசன் மீறலாம். ஆனால் அந்தச் சொல் ஒரு வயலாகவும் ஒரு வழிபாட்டு இடமாகவும் மாறிவிட்டால், அதைச் சார்ந்து பிழைப்பவர்கள் வந்துவிடுகிறார்கள். பிறகு உறவைக் காப்பது அவர்கள் வேலை.

இந்தக் கண்ணோடு பார்த்தால் நம் காலத்துக் கதையும் வேறாகத் தெரிகிறது. 1957இல் மலாயா விடுதலை பெற்றதும் இந்தியாவோடு தூதரக உறவு ஏற்பட்டது. 2024 ஆகஸ்டில் அது விரிவான வியூகப் பங்காளித்துவமாக உயர்ந்தது. மேடையில் தலைவர்கள் கைகுலுக்கும் படம் நாளிதழில் வருகிறது, நல்லதுதான். ஆனால் நம் முன்னோர் யாரும் நட்புக் கொண்டாடக் கப்பலேறவில்லை. கங்காணி சொன்ன வார்த்தையை நம்பி, பால்மரம் வெட்ட வந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றார்கள். தோட்டத் தொழிலாளர் நிலைமையும் கூலிக் குறைப்பும் பெரும் பிரச்சினையாகி, 1938இல் இந்திய அரசு கூலிக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. 1946, 47இல் பீடோங் ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளை எதிர்த்தது. போலீசாரோடு நடந்த மோதல்களில் தொழிலாளர் உயிரும் போனது.

இத்தனை கசப்புக்கு நடுவிலும் வேர் பிடித்தது. கெடா அரச குடும்பத்தில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமராக இருந்தபோது, 1962 இந்திய-சீன எல்லைப் போரில் இந்தியாவின் பக்கம் வெளிப்படையாக நின்று நிதியும் திரட்டினார். அவர் ஆட்சியில்தான், 1966இல், தனிநாயகம் அடிகளின் உழைப்பால் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. இன்று நாடு முழுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நாட்டின் கல்வி அமைப்புக்குள்ளேயே இயங்குகின்றன. பீடோங் செமிலிங்கில், தோட்டங்கள் சூழ்ந்த நிலத்தில், ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருத்துவர்களை உருவாக்குகிறது. சோழ நாட்டில் கடாரத்தான் மதத்துக்கு ஓர் ஊர் கிடைத்தது. கடாரத்தில் நம் மொழிக்கு வகுப்பறை கிடைத்தது. முன்னது அரசன் தந்த கொடை. பின்னதில் நம்மவர் வியர்வையும் பிடிவாதமும் பாதிக்கு மேல் உண்டு.

காக்கத் தவறினால் எதுவும் நிற்காது. சூடாமணி விகாரையின் எச்சம் என்று பலர் கருதிய நாகப்பட்டினத்துக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. ஜெராய் மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டியை, அதாவது பழங்கோயிலை, வீடமைப்புக்காக இடித்துத் தள்ளிய செய்தி 2013இல் வெளிவந்தது. இரண்டையும் பகைவர் இடிக்கவில்லை. கேட்க ஆளில்லாமல் போனதால் இடிந்தன.

ஆகவே மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். கடற்படையின் கதையைச் சொல்லுங்கள்; கூடவே ஆனைமங்கலத்தின் கதையையும் சொல்லுங்கள். படை ஒரு முறை வந்து போனது. நெல் பல தலைமுறைக்கு அளக்கப்பட்டது. இரண்டில் எது பெரியது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.