பாதை சரியில்லை

"பாதை சரியில்லை" என்ற இரண்டு சொற்கள் எவ்வளவு வேலை செய்கின்றன! ஏற்றம் செங்குத்தா, பாறை வழுக்குமா, தண்ணீர் கிடைக்குமா என்பதெல்லாம் தகவல். ஆணிடம் சொல்லும்போது அந்தத் தகவல் "கம்பு ஒன்று எடுத்துக்கோ" என்று முடிகிறது. பெண்ணிடம் சொல்லும்போது "உனக்கெதுக்கு இது" என்று முடிகிறது.

பொதிகையை எடுத்துக்கொள்வோம். கேரளத்தார் அகஸ்தியார்கூடம் என்று அழைக்கும் 1,868 மீட்டர் சிகரம். தமிழுக்கு இலக்கணம் தந்ததாகச் சொல்லப்படும் முனிவரின் மலை என்று தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். அந்தத் தமிழைப் படித்துப் பட்டம் வாங்கும் பெண்கள் அந்த மலையில் ஏறக்கூடாது என்பதை எந்தப் பாடநூலும் சொன்னதில்லை. ஜனவரி நடுவில் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை மாதம் கேரள வனத்துறை ஆட்களை அனுமதிக்கும். 2018 வரை, பெண்களுக்கும் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அனுமதி இல்லை என்று அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. பெண்களைக் குழந்தைகளோடு சேர்த்துக் கட்டும் அந்த 'உம்'மை இலக்கண ஆசிரியையாக நான் ரசித்துப் படிப்பதுண்டு. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த வரியை ஏற்க மறுத்தது. 2019 ஜனவரியில், பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளராக இருந்த தன்யா சனல் உச்சிக்குப் போய் வந்தார்.

பாதை எப்படித்தான் இருக்கிறது? போனக்காட்டில் தொடங்கி அதிருமலை முகாம் வரை முதல் நாள் நடை சுமார் 15 கிலோமீட்டர். காட்டு நிழலும் ஓடைகளும் உள்ளவரை சுகம். பிறகு புல்வெளி, தலைக்கு மேல் வெயில் மட்டும். அடுத்து வரும் ஏற்றத்துக்கு முட்டிடிச்சான் என்று பெயர். முட்டி வந்து நெஞ்சில் இடிக்கும் அளவுக்குச் செங்குத்து. நாற்பதைத் தாண்டிய என் முழங்கால்கள் பெயர் வைத்தவரின் சொல்திறனை அங்கேதான் ஒப்புக்கொண்டன. இரண்டாம் நாள் உச்சிக்கு இன்னும் 6 கிலோமீட்டர். கடைசியில் பாறை மேல் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். காற்றும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். ஈரமிருந்தால் அட்டை. யானை நடமாடும் காடு என்பதால் வழிகாட்டி சொன்னபடி கேட்க வேண்டும்.

இவற்றில் எது ஆண் பெண் பார்க்கிறது? அட்டைக்கு இரத்தம் போதும். மிஞ்சுவது கழிப்பறை. அதை மலை கட்டுவதில்லை, நிர்வாகம் கட்டுகிறது. தீர்ப்புக்கு முன்னால் "பெண்களுக்கு வசதி இல்லை, ஆகவே வராதே" என்றார்கள். தீர்ப்புக்குப் பின்னால், வரலாம், ஆனால் பெண்களுக்கென்று தனி வசதி எதுவும் செய்து தரப்படாது என்று அறிவித்தார்கள். சமம் கேட்டாய் அல்லவா, இந்தா வாங்கிக்கொள் என்கிற தொனி இது. ஆணின் உடலுக்குப் போதுமாக இருப்பது பொது வசதி. பெண்ணின் உடலுக்கு வேண்டியது தனி வசதி. இந்தக் கணக்கை மாற்றாமல் கதவை மட்டும் திறந்துவிட்டால், மூன்று நாள் நடையில் மாதவிலக்கு வந்துவிட்ட பெண் என்ன செய்வாள் என்பது மறுபடி அவள் தனிப்பட்ட பிரச்சினையாகிவிடுகிறது.

எங்கள் வாசுதேவநல்லூரில் மேற்கே பார்த்தால் மலைதான். நான் சிறுமியாக இருந்தபோது விடியுமுன் சும்மாட்டுத் துணியும் அரிவாளுமாக அந்தப் பக்கம் போன பெண்கள் உச்சி வெயிலில் விறகுக் கட்டோடு திரும்புவார்கள். செருப்புகூட இருக்காது. எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் வற்றும், எந்தச் சரிவில் கல் உருளும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் பாதை சரியில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. அடுப்பெரிய வேண்டுமே! அதே பெண் ஒருநாள் சும்மா, மலையைப் பார்க்க மட்டும், போகிறேன் என்று கிளம்பியிருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? சுமையோடு வரும் பெண்ணுக்குத் திறந்திருக்கும் பாதை வெறுங்கையோடு வருபவளுக்கு ஆபத்தாகிவிடுகிறது. இத்தனைக்கும் எங்கள் ஊர்க் கோயிலில் இருப்பவர் அர்த்தநாரீசுவரர். மலையேற நினைத்தால் பாதி உடம்பைக் கீழே வைத்துவிட்டா போவார்?

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேறப் போன குழுவில் பெண்களே அதிகம். "பொம்பளைகளுக்கு எதுக்கு இந்த வேலை" என்ற பேச்சு என் காதிலும் விழுந்தது. காய்ந்த புல், மார்ச் வெயில், காற்று என்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அந்தப் பேச்சின் அடியில் புதைந்துபோயின.

எனக்கு உண்மையிலேயே கடினமான இடம் வேறு. அகத்தியரைத் தங்கள் தெய்வமாக, முன்னோராகக் கொண்டாடும் காணி மக்கள் பெண்கள் ஏறுவதை எதிர்த்தார்கள். தன்யாவை வழிமறிக்காமல் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்களை விவரமற்றவர்கள் என்று தள்ளிவிட என்னால் முடியாது. 1987இல் இந்த மலையில் ஆய்வுக்கு வந்த அறிவியலாளர்கள், காணி வழிகாட்டிகள் ஒரு காயைத் தின்று களைப்பில்லாமல் நடப்பதைப் பார்த்துத்தான் ஆரோக்கியப்பச்சையை அறிந்தார்கள். மலை அவர்கள் அறிவில் இருக்கிறது. ஆனால் வெளியூர் ஆண்கள் ஆண்டுதோறும் ஏறியபோது குலையாத புனிதம் வெளியூர்ப் பெண்ணால் மட்டும் எப்படிக் குலையும் என்ற என் கேள்விக்கும் பதில் இல்லை. தங்கள் பெண்கள் ஏறுவதா வேண்டாமா என்பதைக் காணிப் பெண்கள் தீர்மானிக்கட்டும். என்னைத் தடுக்க அரசு அவர்கள் நம்பிக்கையை இரவல் வாங்கியதைத்தான் நான் ஏற்கவில்லை. நான் விருந்தாளியாகப் போகலாம் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் முகம் சுளிக்கும்போது விருந்தாளி என்ற சொல் பொருந்துமா என்ற உறுத்தலும் போகவில்லை.

அடுத்த ஜனவரிக்குப் பதிவு செய்யப்போகும் மாணவி ஒருத்தி, "பாதை எப்படி இருக்கும் மேடம்?" என்று கேட்டாள். முதல் நாள் 15 கிலோமீட்டர், புல்வெளிக்குமுன் ஓடையில் தண்ணீர் நிரப்பிக்கொள், நாப்கினை நனையாத பையில் போடு, பயன்படுத்தியதைக் காட்டில் வீசாமல் திருப்பிக் கொண்டுவா, முட்டிடிச்சானில் பேசாமல் ஏறு என்றேன். குறித்துக்கொண்டாள்.