காணும் உதவி

ஒரு செயலின் மதிப்பு அதைச் செய்பவரிடம் இருக்கிறதா, அதனால் விளையும் பயனில் இருக்கிறதா, அல்லது அதைக் காண்பவரால் அதற்கு வந்து சேர்கிறதா என்னும் கேள்வியின் முதல் இரண்டு பகுதிகளையும் இந்தியச் சமய நூல்கள் விரிவாக ஆராய்ந்திருக்கின்றன. மூன்றாவதாகிய காண்பவரின் பங்கு, கூத்தையும் காப்பியத்தையும் பேசும் அழகியல் நூல்களுக்கு உரியதென்று பெரும்பாலும் ஒதுக்கப்பட்டுவிட்டது. பெயர் பெறாத ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய ஆளில்லாத இருக்கைகளுக்கு முன் ஆடும் கீழ்நிலைத் தொழில்முறை டென்னிஸ் போட்டியை எடுத்துக்கொண்டால் இந்த மூன்றாவது பகுதி கூர்மையடைகிறது. ஏனெனில் அங்கே பயனும் மிகச் சிறிது, காண்பவரும் மிகச் சிலர், செயல் மட்டுமே குறையாமல் நிற்கிறது.

இப்படி வேண்டியவற்றையெல்லாம் கழித்துவிட்டு எஞ்சுவதைப் பார்க்கும் முறைக்கு விழுப்புரம் வட்டாரத்தில் ஒரு பழைய முன்மாதிரி உண்டு. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு பாறையைக் குடைந்து நான்முகன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் கோயில் எடுத்தான். அங்கே கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ள சிறிய வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை என்னும் நான்கும் இல்லாமல் விசித்திரசித்தன் இதை எடுப்பித்தான் என்று அறிவிக்கிறது. விசித்திரசித்தன் என்பது புதுமையை நாடும் உள்ளத்தவன் என்று பொருள்படும் அவனுடைய விருதுப்பெயர். கோயில் எழுப்பியவர்கள் தாம் கொடுத்தவற்றைப் பட்டியலிடுவதே கல்வெட்டு வழக்காக இருக்க, எவையெல்லாம் இல்லாமல் கோயில் கோயிலாகவே இருக்க முடியும் என்பதைப் பெருமையோடு சொல்லும் கல்வெட்டு இது. பிற்காலத்து மாமல்லபுரத்தின் சிற்பச் செழுமை இதில் இல்லை; தூண்கள் தடித்து எளிமையாக நிற்கின்றன; பின்சுவரில் குடையப்பட்ட மூன்று கருவறைகளும் இன்று வெறுமையாக இருக்கின்றன. ஆயினும் இது கோயில் அன்று என்று ஒருவரும் சொல்வதில்லை.

ஆடவர் தொழில்முறை டென்னிஸிலும் இத்தகைய கழித்தல் அடுக்கடுக்காக நிகழ்கிறது. உச்சியில் ஆண்டுக்கு நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளும், அவற்றின் கீழே, வெற்றியாளருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு 1000, 500, 250 என்று வகுக்கப்பட்ட ஏ.டி.பி. போட்டிகளும், அவற்றின் கீழே சேலஞ்சர் எனப்படும் போட்டிகளும், அடித்தளத்தில் பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பின் எம்25, எம்15 போட்டிகளும் உள்ளன. எம்15 என்பதில் ‘எம்’ ஆடவரைக் குறிக்கும். எண், மொத்தப் பரிசுத்தொகையாகிய 15,000 டாலரைக் குறிக்கும். அந்தத் தொகையில் ஒற்றையர் பட்டம் வெல்பவருக்கு 2,160 டாலரும், முதல் சுற்றிலேயே தோற்பவருக்கு வரிப்பிடித்தத்துக்கு முன் 156 டாலரும் கிடைக்கும். கிராண்ட்ஸ்லாம் பட்டத்துக்கு 2,000 புள்ளிகள் வழங்கப்படும்போது, எம்15-இல் ஒரு சுற்றை வென்றவருக்கு ஒரே ஒரு புள்ளி வழங்கப்படுகிறது. வீரர்களின் விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் இந்த அடுக்கைப் பார்த்துக் குறைவதில்லை. டென்னிஸின் நேர்மையை ஆராய நியமிக்கப்பட்டு 2018-இல் அறிக்கை அளித்த தனிக்குழு, பெயரளவில் தொழில்முறை ஆட்டக்காரர்களாக உள்ள ஏறக்குறைய 15,000 பேரில் 250 முதல் 350 பேர் வரையே செலவை ஈடுகட்டும் அளவுக்குப் பொருளீட்டுகின்றனர் என்று கணித்தது.

ஆடுகளம் மட்டும் எந்த அடுக்கிலும் மாறுவதில்லை. அதன் நீளம் 78 அடி, ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 27 அடி, வலையின் நடு உயரம் 3 அடி என்பவை விம்பிள்டனுக்கும் எம்15-க்கும் ஒன்றே. சென்னை நுங்கம்பாக்கம் அரங்கு இதற்கு நல்ல சான்று. 1995-இல் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட அந்த அரங்கில் 1997 முதல் 2017 வரை ஏ.டி.பி. போட்டி ஆண்டுதோறும் நடந்தது. நடால் ஆடினார், வாவ்ரிங்கா நான்கு முறை பட்டம் வென்றார், இருக்கைகள் நிரம்பின. அப்போட்டி புணேவுக்குச் சென்றபின் 2018 பிப்ரவரியில் அதே அரங்கில் சேலஞ்சர் போட்டி நடந்தது. அதே கோடுகள், அதே வலை. பெயர்களும் கூட்டமும் மட்டுமே கழிந்திருந்தன.

பயன் கழிந்த செயலைப் பற்றிப் பேசும்போது கீதையின் கருமயோகம் உடனே நினைவுக்கு வருவது இயல்பு. செயலைச் செய்வதில் மட்டுமே ஒருவருக்கு உரிமை உண்டு, அதன் பயனில் இல்லை என்னும் அக்கோட்பாடு பற்றற்ற செயல் எனப்படுகிறது. கீழ்நிலைப் போட்டிகளில் ஆடுபவரை அதன் நடமாடும் உருவமாகப் போற்றுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. அவர் அந்த ஒரு புள்ளியை முழு மனத்தோடு விரும்புகிறார். அது கைநழுவினால் வருந்துகிறார். வருந்துவதில் இழிவும் இல்லை. இந்திய ஆட்டக்காரர் சுமித் நாகல் 2023-இல் தம் வங்கிக் கணக்கில் 900 யூரோவே எஞ்சியிருப்பதாகக் கூறியபோது, அது பற்றறுத்தவரின் சொல்லாக ஒலிக்கவில்லை, உழைத்தவரின் சொல்லாக ஒலித்தது. 2024 பிப்ரவரியில் சென்னைச் சேலஞ்சர் பட்டத்தை வென்று அவர் தரவரிசையில் முதல் நூற்றுவருள் நுழைந்தது பிந்தைய செய்தி. அந்த வெற்றி வராமலே போயிருந்தாலும் அச்சொல்லின் நியாயம் குறைந்திராது. பயனில் பற்று வையாதே என்பது செய்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டிய அறிவுரை. பயனை வகுத்துக் கொடுக்கும் இடத்தில் இருப்பவர் உழைப்பவரை நோக்கி அதையே சொன்னால், அது அறிவுரை என்னும் தன்மையை இழந்து சுரண்டலுக்குத் துணையாகிவிடுகிறது. விளையாட்டில் மட்டுமன்றி, தொண்டு என்னும் பெயரால் குறைந்த கூலிக்கு நடைபெறும் எல்லாப் பணிகளிலும் இந்த வேறுபாடு மறக்கப்படுவது வேதனைக்குரியது.

காண்பவரைப் பற்றிய கேள்விக்கு வந்தால், முதலில் ஒரு வியப்பான உண்மையை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அரங்கில் பத்துப் பேர்கூட இல்லாத ஆட்டத்தையும் தொலைவிலிருந்து பலர் பின்தொடர்கின்றனர். நடுவர் தம் கையிலுள்ள கருவியில் பதியும் ஒவ்வொரு புள்ளியும் நொடிகளில் உலகெங்கும் சென்று சேர, அதன்மீது பந்தயப் பணம் கட்டப்படுகிறது. அடிமட்டப் போட்டிகளின் நேரடிப் புள்ளிவிவரங்களை விற்பது ஊழலுக்கு வழிவகுக்கிறது என்றும் அதை நிறுத்த வேண்டும் என்றும் மேற்கூறிய குழு பரிந்துரைத்தது. மெய்யியல் நோக்கில் இவர்கள் காண்பவர்களே அல்லர். பந்து எப்படி வந்தது, எப்படித் திருப்பப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. 15, 30, 40 என்று மாறும் எண்கள் மட்டுமே தெரியும். செயல் முழுவதும் உதிர்ந்து பயன் மட்டும் எஞ்சிய பார்வை அது.

காண்பதன் தன்மையைச் சாங்கியமும் சைவ சித்தாந்தமும் இருவேறு விதமாக விளக்குகின்றன. சாங்கியம், உலகின் மூலப்பொருளாகிய பிரகிருதியையும் அறிவுப்பொருளாகிய புருடனையும் இருவேறு முடிந்த உண்மைகளாகக் கொள்ளும் தரிசனம். ஈசுவரகிருட்டிணரின் சாங்கிய காரிகை பிரகிருதியை அரங்கில் ஆடும் நடனமாதுக்கு ஒப்பிடுகிறது. தன்னை அவைக்குக் காட்டியபின் அவள் ஆட்டத்தை நிறுத்திக்கொள்வதுபோல், புருடனால் காணப்பட்டபின் பிரகிருதியும் ஓய்கிறது. இங்கே காண்பவன் ஒதுங்கி நிற்கிறான். ஆட்டத்துக்கு அவன் எதுவும் செய்வதில்லை. பெரிய அரங்கில் தொலைவில் அமர்ந்திருக்கும் பார்வையாளரின் நிலைக்கு இது ஓரளவு பொருந்தும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில், இதே விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரோடு பெயர் பிணைந்த சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார், காணுதலுக்கு வேறொரு பொருள் கண்டார். பன்னிரண்டு நூற்பாக்களால் ஆன சிவஞானபோதத்தின் பதினோராம் நூற்பா, கண்ணுக்கும் உயிருக்கும் உள்ள உறவை உவமையாக்குகிறது. கண் தானே பார்ப்பதில்லை. உயிர் அதனோடு கூடி அதைப் பார்க்கச் செய்கிறது, தானும் உடன் பார்க்கிறது. அதுபோல் இறைவன் உயிருக்குப் பொருள்களை அறிவிப்பதோடு நில்லாமல், அது அறியும்போது தானும் உடனிருந்து அறிகிறான். இவற்றுள் முன்னதைக் காட்டும் உதவி என்றும் பின்னதைக் காணும் உதவி என்றும் சித்தாந்திகள் வழங்குவர். உடன் காண்பதையே ஓர் உதவி என்று பெயரிட்டது, காண்பவரின் பங்கு பற்றித் தமிழ்ச் சிந்தனை தந்த மிக ஆழ்ந்த விடைகளுள் ஒன்றாகும்.

இது இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவைக் கூறுவது என்பதையும், மனிதர் மனிதரைக் காண்பதற்கு இதை அப்படியே ஏற்றுவது முறையன்று என்பதையும் மறக்கலாகாது. மூன்றாவது வரிசையில் அமர்ந்திருப்பவர் ஆட்டக்காரருக்கு எதையும் காட்டிவிட முடியாது. ஆனால் உடன் காணுதல் அவருக்கும் கைகூடக்கூடியது, அதுவும் சிறிய அரங்கில் கூடுதலாகக் கைகூடுவது. அங்கே காலணி தரையில் உரசும் ஒலியும், மட்டையின் நடுவில் பட்ட பந்துக்கும் ஓரத்தில் பட்ட பந்துக்கும் உள்ள ஓசை வேறுபாடும், சர்வீஸ் போடும் முன் விடப்படும் மூச்சும் கேட்கும். ஒரே ஒருவர் கை தட்டினாலும் அது யாருடைய கை என்பது ஆடுபவருக்குத் தெரியும். ஆட்டக்காரரின் பெயர் முன்பின் அறியாததாக இருப்பதால், புகழைப் பார்த்துவிட்டு ஆட்டத்தைப் பார்த்ததாக எண்ணிக்கொள்ளும் மயக்கத்துக்கும் அங்கே இடமில்லை.

இந்த உதவியை ஆட்டக்காரருக்கு முதலில் செய்பவர் வலைக்கு அப்பால் நிற்கும் எதிராளியே. சுவரை எதிர்த்துத் தனியே பந்தடிப்பவருக்குப் பயிற்சி உண்டு, ஆட்டம் இல்லை. பந்து மேலெறியப்படும் விதத்தையும் தோள் திரும்பும் கோணத்தையும் எதிராளியைப்போல் உற்றுக் காண்பவர் உலகில் வேறு எவரும் இல்லை. அடிமட்டத் தகுதிச்சுற்றுகளில் சில ஆட்டங்கள் நாற்காலி நடுவர் இல்லாமலே நடப்பதுண்டு. அப்போது வலைக்குத் தம் பக்கத்தில் விழும் பந்து கோட்டுக்கு உள்ளா வெளியா என்பதை அந்தப் பக்கத்து ஆட்டக்காரரே சொல்ல வேண்டும். ஒரு புள்ளிக்காக நாடு கடந்து வந்தவர், அந்தப் புள்ளியைத் தமக்கு எதிராகத் தாமே அறிவிக்க வேண்டிய நிலை அது. உள்ளே இருந்து காண்பதற்கு மனச்சாட்சி என்று தமிழ் வழங்கும் பெயரில் சாட்சி என்னும் சொல் அமைந்திருப்பதன் பொருத்தம் அத்தருணத்தில் விளங்கும். பார்வையாளரும் நடுவரும் கழிந்தபின்னும் காண்பவர் என்னும் இடம் காலியாவதில்லை. அது செய்பவருக்குள்ளேயே இடம் பெயர்கிறது.

சென்னையைச் சேர்ந்த ராம்குமார் ராமநாதனின் ஆட்ட வாழ்வு இங்கே கருதத்தக்கது. 2018-இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் ஏ.டி.பி. ஒற்றையர் இறுதியாட்டம் வரை சென்ற அவருக்குச் சேலஞ்சர் ஒற்றையர் பட்டம் நெடுங்காலம் வாய்க்கவில்லை. ஆறு இறுதியாட்டங்களில் தோற்றபின், 2021 நவம்பரில் மனாமாவில் ஏழாவது இறுதியாட்டத்தில்தான் வென்றார். அந்த ஏழாம் ஆட்டத்தை முன் ஆறின் பயனாகக் கண்டால், பட்டம் கிட்டாத ஆட்டக்காரர்களின் ஆறு ஆட்டங்களும் வீண் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. ஆறையும் நேரில் கண்டவருக்கு அப்படித் தோன்ற வாய்ப்பில்லை. அவர் கண்டவை அன்றன்று முழுமையாக ஆடப்பட்ட ஆட்டங்கள்.

மகேந்திரவர்மனும் காணப்படுவதை விரும்பாதவன் அல்லன். விரும்பாதிருந்தால் கல்வெட்டு வெட்டச் செய்திருக்க மாட்டான். தன் கோயிலுக்கு அவன் அதில் இட்ட பெயர் இலக்ஷிதாயதனம். ஆயதனம் என்பது உறைவிடம். இலக்ஷிதம் என்னும் வடசொல்லுக்குக் குறிக்கப்பட்டது, காணப்பட்டது என்னும் பொருள்கள் உண்டு. மூன்று அறைகளும் வெறுமையாக இருக்க, முகப்பின் இரு முனைகளிலும் வாயிற்காவலர் இருவர் கல்லில் நிற்கின்றனர். முதுகுக்குப் பின்னால் தெய்வ உருவம் இருக்கிறதா இல்லையா என்று திரும்பிப் பாராமல், வருபவர் எவராயினும் அவரை நேர்கொண்டு பார்த்தபடி அவர்கள் இன்றும் காவலில் இருக்கின்றனர்.