யாருடைய கூரையின் கீழ்?

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. விறாந்தையில் அமர்ந்து மடிக்கணினியைத் திறந்தால், அயல் வீடுகளின் வைஃபைப் பெயர்கள் வரிசையாகத் தோன்றும். மச்சானிடமோ மாமியிடமோ கடவுச்சொல் கேட்டு, ஏதோ ஓர் அவசரத்தில் ஒரு முறை நுழைந்த இணைப்பும் அவற்றுள் இருக்கும். நாம் மறந்துவிடுவோம், கணினி மறப்பதில்லை. நம் வீட்டு இணைப்பு அறுந்த மறுகணமே அது அயல் வீட்டு இணைப்பைப் பற்றிக்கொள்கிறது. நாமும் அறியோம், அவ்வீட்டாரும் அறியார்.

கடப்படியில் நின்று ஸலாம் சொல்லி, பதில் கேட்ட பின்னரே உள்ளே செல்வது இக்கரையோர ஊர்களின் வழக்கம். மூன்று முறை சொல்லியும் பதில் வராவிடின் திரும்பிவிட வேண்டும் என்பது நபிமொழி வழிவந்த ஒழுக்கம். நேற்று வந்து உண்டுபோன வீடாயிற்றே, இன்று கேளாமல் நுழைந்தால் என்ன என்று எவரேனும் வாதிடுவாரா? கணினியோ ஒரு நாளைய அனுமதியை ஆயுட்கால அனுமதியாகக் கொள்கிறது. நம் பெயரால் அது செய்யும் இக்காரியத்துக்கு நாம் பொறுப்பாளிகளா என்பதே இங்கு எழும் வினா.

கணினி எதைக் கொண்டு தெரிவு செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அது அறிந்தவை பெரும்பாலும் இரண்டே: முன்னர் இணைந்த வலையமைப்பின் பெயர், அலையின் வலு. பெயரை எவரும் சூட்டிக்கொள்ளலாம். வலுவோ, அருகில் இருப்பவர் யார் என்பதைச் சொல்லுமேயன்றி, நம்பத்தக்கவர் யார் என்பதைச் சொல்லாது. டினோ டாய் ஸோவி, ஷேன் மெக்காலே என்னும் ஆய்வாளர் இருவர் 2005 ஆம் ஆண்டிலேயே இதை வெளிப்படுத்தினர். அக்காலக் கணினிகள், தாம் முன்னர் இணைந்த வலையமைப்புகளின் பெயர்களைச் சொல்லி, "இருக்கிறாயா?" என்று காற்றில் அழைத்துக்கொண்டே இருந்தன. அழைக்கப்பட்ட பெயர் எதுவாயினும் "நான்தான் அது" என்று பதிலளிக்கும் ஒரு கருவியை அவர்கள் வைத்தார்கள். பூட்டில்லாத வலையமைப்புகளைத் தேடிய கணினிகள் அதனிடம் சென்று ஒட்டிக்கொண்டன. இன்றைய கருவிகள் இதில் ஓரளவு திருந்தியுள்ளன. எனினும் தேநீர்க் கடையிலோ விடுதியிலோ உள்ள பூட்டில்லாத வலையமைப்பின் பெயரை மற்றொருவர் சூட்டிக்கொண்டால், அப்பெயரை நினைவில் வைத்திருக்கும் கணினி இன்றும் ஏமாறக்கூடும்.

இதில் ஏமாறுபவர் விருந்தாளி. விருந்தளிப்பவர் படும் பாடு வேறு. அவர் மாதக் கட்டணம் செலுத்தும் டேட்டா கரைவது ஒரு புறமிருக்க, அவ்விணைப்பினூடாக வெளியே செல்லும் ஒவ்வொரு சொல்லும் அவர் வீட்டு முகவரியையே தாங்கிச் செல்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஓர் உணவகத்திலிருந்து கிளம்பிய பொய் வதந்தி பள்ளிவாசல் வரை சென்று தாக்கியது. அடுத்த மாதம் நாடெங்கும் முகநூல் சில நாட்கள் முடக்கப்பட்டது. 2019 ஏப்ரலுக்குப் பின்னரோ முகநூற் பதிவுகளுக்காகக் கைதுகள் நடந்தன. இத்தகைய நாட்டில் ஒரு பதிவு எவ்வீட்டு இணைப்பின் வழியே சென்றது என்பதைச் சிறு செய்தியென ஒதுக்க முடியுமா? கேளாமல் நுழைந்த கணினிக்காக, அதைக் கண்ணாலும் காணாத குடும்பத்தலைவர் விளக்கமளிக்க நேரலாம்.

எதிர்வாதத்தையும் கேட்பதே நேர்மை. பல்கலைக்கழக விரிவுரைகள் இணையவழிக்கு மாறிய 2020 ஆம் ஆண்டில், பாடத்தின் நடுவே இணைப்பு அறுந்த மாணவிக்கு நின்று ஆராய நேரம் ஏது? கைத்தொலைபேசியின் இணைப்புக்கோ பெரியம்மா வீட்டு இணைப்புக்கோ கணினி தானாகத் தாவினால் அது உதவியன்றோ? உதவிதான், மறுக்கமாட்டோம். அவள் அறிந்து, வரிசைப்படுத்தி, உரியவரிடம் சொல்லி வைத்த மாற்றம் அது. அங்கே தெரிவு அவளுடையது. கணினி அதை நிறைவேற்றுகிறது, அவ்வளவே.

அந்நியர் வீட்டில் தானாக நுழைவதற்கும் ஒழுங்கான வழி உண்டு. நெதர்லாந்தின் கிளாஸ் வீரெங்கா 2002 இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது 'எடுரோம்'. இலங்கையில் இதைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பு நடத்துகிறது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் பேராதனைக்குச் செல்கிறான் என்று கொள்வோம். அவன் கணினி அங்கு தானாகவே இணைய முயலும். பேராதனை அவனை அறியாது. ஆதலின் ஒலுவிலைக் கேட்கும். "எம் பிள்ளைதான்" என்று ஒலுவில் பிணை நின்றால் கதவு திறக்கும். முறைப்படி அமைத்த கணினியாயின், அவனது கடவுச்சொல் பேராதனையின் கண்ணிற் படுவதேயில்லை. போர்க்காலத்தில் பிற பல்கலைக்கழகங்களில் கற்க இயலாது இடம்பெயர்ந்த மாணவர்க்கென 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய ஒலுவிலுக்கு, அயலிடத்தில் ஒருவருக்குப் பிணை நிற்பதன் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வொழுங்கிலும் ஓர் ஓட்டை உண்டு. பதில் சொல்வது மெய்யாகவே ஒலுவில்தானா என்பதைக் கணினி ஒரு சான்றிதழைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். அமைக்கும்போது அச்சோதனையை விட்டுவிட்டாலோ, திரையில் எழும் எச்சரிக்கையை வாசியாமல் "சரி" என்று அழுத்தினாலோ, எடுரோம் என்று பெயர் சூட்டிய எவரிடமும் கடவுச்சொல் போய்ச் சேரலாம். இதற்கு மாணவனையே குறைகூறுவது பெரிய இடங்களின் பழக்கம். புரியாத ஆங்கில எச்சரிக்கையை அவன் முன் வைத்தவர் யார்? சரியான அமைப்பைத் தானே நிறுவித்தரும் இலவச மென்பொருள் எடுரோமிடமே இருக்கிறது. அதை முதல் நாளிலேயே மாணவர் கையிற் கொடுத்துத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்குவது நிறுவனத்தின் கடமை.

கணினி செய்வோரின் பொறுப்பு இதனினும் பெரிது. 2015 இல் வந்த விண்டோஸ் 10 இல் 'வைஃபை சென்ஸ்' என்றோர் ஏற்பாடு இருந்தது. பயனர் இசைந்தால், அவர் நுழைந்த வீட்டின் வைஃபையை அவருடைய தொடர்புப் பட்டியலில் உள்ளோரும் பயன்படுத்த அது வழிசெய்தது. விருந்தாளி இசைந்தால் போதுமாம்! அவ்வீட்டார் வேண்டாமென்றால், தம் வலையமைப்பின் பெயரையே மாற்றி அதில் ஒரு குறிச்சொல்லைச் சேர்க்கவேண்டியிருந்தது. பலத்த கண்டனம் எழுந்தது. ஆயினும் 2016 இல் அப்பகிர்வை நீக்கியபோது மைக்ரோசாப்ட் சொன்ன காரணம், அதைப் பராமரிக்கும் செலவுக்கேற்பப் பயன்படுத்துவோர் இல்லை என்பதே. அயலார் வீட்டுக் கதவு என்பது அக்கணக்கில் இடம்பெறவேயில்லை.

பல கருவிகளில் "தானாக இணை" என்னும் கட்டம் நாம் தொடுமுன்னரே குறியிடப்பட்டிருக்கிறது. நம் சொந்த வீட்டு இணைப்புக்கும், முறையாக அமைத்த எடுரோமுக்கும் அக்குறி இருக்கட்டும். மச்சான் வீட்டுக்கும், மருந்தகத்துக்கும், பேருந்து நிலையத்துக்கும் அதை எடுத்துவிடலாம். அதற்கு அரை நிமிடம் போதும். மீண்டும் அவ்வீட்டுக்குப் போகும்போது, மாமியிடம் கேட்டே இணைந்துகொள்வோம்.