யாருடைய மழை

நன்றிக்கு ஒரு முகவரி வேண்டும் என்று பழகிவிட்டோம். கொடுத்தவன், பெற்றவன், நடுவில் கொடை: அறம் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் இந்த முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது. வினைப்பயன் கொள்கையும் இதற்கு விலக்கில்லை. பிறவி மாறினாலும் பயன் செய்தவன் கணக்கிலேயே வந்து சேர வேண்டும் என்கிறது.

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்துப் பாலைப் பிரதேசத்தில், ஸயான் பள்ளத்தாக்கின் ஒரு பாறைச்சுவர் இந்த முக்காலியை ஆட்டிவிடுகிறது. வீப்பிங் ராக் என்று பெயர். போய்த் திரும்ப அரை மைலுக்கும் குறைந்த நடை. ஏற்றம் சுமார் நூறு அடி. பாதை முடிகிற இடத்தில் பாறை உள்வாங்கிக் குடைந்திருக்கிறது. அதன் விளிம்பிலிருந்து நீர் சொட்டுகிறது. சுற்றிலும் வறண்ட கல்; இந்தக் குடைவில் மட்டும் பெரணியும் பாசியும் பூச்செடிகளும் தொங்குகின்றன.

காரணம் எளிது. மேலே இருப்பது நவாஹோ மணற்கல், ஜுராஸிக் காலத்து மணற்குன்றுகள் இறுகிக் கல்லானது. மழையையும் உருகும் பனியையும் உறிஞ்சிக்கொள்கிறது. கீழே கயெண்டா என்கிற அடுக்கு. களியும் வண்டலும் கலந்தது, நீரை எளிதில் விடாது. இறங்க வழியில்லாத நீர் பக்கவாட்டில் நகர்ந்து, சுவர் வெட்டுப்பட்ட இடத்தில் வெளியேறுகிறது. இன்று சொட்டுகிற துளி மேலே விழுந்து சுமார் 1200 வருஷம் ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் பியூப்ளோ மக்களின் மூதாதையர் மக்காச்சோளம் பயிரிட்டுக்கொண்டிருந்த காலத்து மழை.

1200 வருஷம் என்றதும் பிரமிப்பு. பிரமிப்பு சுலபம், அதற்குப் பின்னால் இருக்கிற விஷயம்தான் சங்கடமானது. பழைய துளி தானாக வெளியே வருவதில்லை. மேலே புதிதாகப் புகும் நீரின் அழுத்தம் அதைத் தள்ளுகிறது. அண்மையில் பெய்தது தள்ளுகிறது, என்றோ பெய்தது விழுகிறது. கையில் ஏந்திய துளிக்கு யாரைக் காரணம் சொல்வது? கொடுத்தவனின் இடத்தில் இப்போது இரண்டு பேர். இருவருமே கொடுக்கவில்லை.

(ஸயான் தேசியப் பூங்கா ஆனது 1919இல். மரபு பற்றிய எலியட்டின் பிரபலமான கட்டுரை வெளிவந்ததும் அதே வருஷம். தற்செயல்தான். ஆனால் மரபு என்றாலே அப்பன் சொத்து என்று பேசுகிறவர்களுக்கு இந்தச் சுவரைக் காட்டலாம்.)

நான் வேலை பார்க்கும் வங்கித் தொழிலில், பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கின் பணத்தை ரிஸர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றிவிட வேண்டும். அப்போதும் உரியவரின் உரிமை அழிவதில்லை. பேரேடு அவருக்காகக் காத்திருக்கிறது. பாறை யாருக்காகவும் எதையும் வைத்திருக்கவில்லை. வந்து நிற்கிறவன் வாரிசு இல்லை. துளி விழுந்த நேரத்தில் கீழே நின்றவன், அவ்வளவுதான்.

அப்படியானால் அவனுக்குக் கடமை ஒன்றும் கிடையாதா? கிடையாது என்பது தர்க்கப்படி சரியாகத்தான் வருகிறது. என்னால் ஒப்ப முடியவில்லை. ஈரமான அந்தச் சுவர்களில் ஸயான் நத்தை என்று ஒன்று வாழ்கிறது. மிகச் சிறியது, அந்தப் பள்ளத்தாக்கைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. சுவரைத் தடவிப் பார்க்கும் விரலுக்கு அது தெரியாது. தடவுகிறவன் நெகிழ்ச்சியோடுதான் தடவினான் என்பது நத்தைக்கு எந்த விதத்திலும் உதவாது. நன்றியுணர்ச்சியின் மேல் என் சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது. கொடுத்தவனைத் தேடுகிற சாக்கில், பெற்றவன் தன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறான். கடன் என்று ஒன்று இருந்தால் அது அதே ஈரத்தில் ஒட்டியிருக்கும் இன்னொரு உயிருக்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

அழும் பாறை என்ற பெயரும் இந்தத் தன்னினைவில் பிறந்ததே. இயற்கையின் மேல் நம் உணர்ச்சியை ஏற்றிச் சொல்வதை ஒரு பிழை என்று ரஸ்கின் 1856இலேயே பெயரிட்டுச் சொன்னார். துயரத்துக்கு ஒரு கணம் உண்டு, இந்த நீருக்கு அது கிடையாது. 2019 ஆகஸ்டில் மேலே கேபிள் மலையிலிருந்து பாறை பெயர்ந்து விழுந்தது. சிலர் காயமடைந்தார்கள், பாதையை மூடினார்கள். தடுப்புக்கு அப்பால், பார்க்க ஆளில்லாத நாட்களிலும் குடைவு கசிந்துகொண்டிருந்தது. மணலைப் பிணைத்திருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து, தான் தொங்குகிற கூரையையே கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்தபடி.